கிடந்த கோலமும் மரத்துப் போன கையும்

திருமலையில் பெருமாள் நிற்கிறார். கீழே திருப்பதி ஊருக்குள், ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், கோவிந்தராஜர் கிடக்கிறார். தம்பியின் கல்யாணத்துக்கு வாங்கிய குபேரன் கடனை அளந்து அளந்து கொடுத்துக் களைத்த அண்ணன், அளந்த மரக்காலையே தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார் என்பது அங்கே வழங்கும் கதை. நின்ற, இருந்த, கிடந்த என்று வைணவர் திருக்கோலங்களை மூன்றாகப் பிரிப்பார்கள். கோயிலில் கிடந்த கோலம் நூற்றாண்டுக் கணக்கில் அசைவதில்லை. மனித உடம்பு அதே கோலத்தில் சில மணி நேரம் அசையாமல் கிடந்தால் கைகால்களுக்கு என்ன நேரும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். கை மரத்துப் போவதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும் அந்த மரப்புக்கும், சிறுநீரகம் நின்று உயிர் போகும் நிலைக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் நேரக் கணக்குதான். அதனால் இதைச் சின்ன விஷயமாக நினைக்க என்னால் முடிவதில்லை.

முதலில் சொல்லைப் பார்க்கலாம். ‘மரத்துப் போச்சு’ என்கிறோம். மரமாகிவிட்டது என்றே அதன் பொருள். சித்தூர்ப் பக்கம் ஒரே வீட்டில் இரண்டு மொழி புழங்கும். அம்மா ‘கை மரத்துப் போச்சு’ என்பாள், பக்கத்து வீட்டம்மா ‘செய்யி மொத்துபாரிந்தி’ என்பாள். தெலுங்கில் மொத்து என்றால் மரக்கட்டை. இரண்டு மொழியும் தனித்தனியாக ஒரே கட்டையைக் கண்டிருக்கின்றன. தெலுங்கில் ‘திம்மிரி’ என்றும் ஒரு சொல் உண்டு, அது நம்முடைய ‘திமிர்’. தமிழ் அகராதியில் திமிருக்கு மரத்துப் போதல் என்றும் பொருள், செருக்கு என்றும் பொருள். சொன்ன பேச்சைக் கேளாத உறுப்புக்கும் சொன்ன பேச்சைக் கேளாத ஆளுக்கும் ஒரே சொல்லை வைத்த முன்னோர் நன்றாகவே கவனித்திருக்கிறார்கள்.

அந்த உறுப்பு ஏன் பேச்சைக் கேட்பதில்லை? நரம்பு என்பது வெறும் கம்பி இல்லை. அதற்கும் ரத்தம் வேண்டும், அதற்கென்று மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் உண்டு. அவற்றுக்குள் ஓடும் ரத்தத்தின் அழுத்தம் பாதரச அளவில் 30 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். மருத்துவர் கையில் பட்டை கட்டிப் பார்த்து 120 என்று சொல்கிறாரே, அதில் கால் பங்கு. ஒரு தலையின் கனம் ஏறக்குறைய ஐந்து கிலோ. அது முழங்கைக்கு மேலே உள்ள எலும்பின் மீது ஓர் இடத்தில் அழுந்தினால் அந்தக் குழாய்கள் எளிதில் மூடிக்கொள்ளும். 1931இல் லண்டனில் தாமஸ் லூயிஸும் அவருடைய கூட்டாளிகளும் மேற்கையில் பட்டையை இறுக்கிக் காத்திருந்து பார்த்தார்கள். ஏறக்குறைய கால் மணி நேரத்தில் விரல் நுனியில் தொடுவுணர்வு போகத் தொடங்கி, மரப்பு அங்கிருந்து மேல்நோக்கி ஏறியது. பட்டையைத் தளர்த்தினால் எல்லாம் திரும்பிவிடும். ரத்தம் திரும்பும்போது நரம்பு இழைகள் கட்டளை இல்லாமலே தாறுமாறாகத் துடிக்கும், அதைத்தான் எறும்பு ஊர்கிறது என்கிறோம். அந்த எறும்பு நல்ல சேதி. உயிர் திரும்புகிறது என்று பொருள்.

தூங்கும்போது இந்தக் கால் மணிக் கணக்கிலிருந்து நம்மைக் காப்பது புரளுதல். நல்ல தூக்கத்திலும் ஒருவர் மணிக்கு இரண்டிலிருந்து ஐந்து முறை படுக்கை மாறுகிறார். குழந்தைகள் அதிகம் புரளும், வயதானவர்கள் குறைவாக. காலையில் கேட்டால் ஒன்றுகூட நினைவிருக்காது. ஆனால் ராத்திரி முழுக்க, அழுந்திய இடத்திலிருந்து ஒரு முறையீடு மேலே போய்க்கொண்டே இருக்கிறது, மூளை எழுந்திருக்காமலேயே அதைத் தீர்த்து வைக்கிறது. அந்த முறையீட்டைத் தடுக்கும் எதுவும் ஆபத்து. சாராயம், தூக்க மாத்திரை, சர்க்கரை இறங்கிப் போகும் மயக்கம், வலிப்புக்குப் பின் வரும் உறக்கம், பூச்சிமருந்து விஷம், எல்லாம் இதில் சேரும். அடித்துப் போட்ட களைப்பையும் இதில் சேர்க்கிறேன். மருத்துவப் புத்தகங்கள் அதற்குத் தரும் இடம் குறைவு. அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படி ஏறிவிட்டு, காத்திருப்புக் கூடத்தில் தூணில் சாய்ந்து தூங்குகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு என் கருத்து புரியும். மொட்டையடித்த குழந்தையின் தலை அம்மாவின் மேற்கையில் இருக்கும், அம்மாவின் தலை மூட்டையின் மேல் இருக்கும், மணி ஓடிக்கொண்டிருக்கும்.

என் சித்தப்பாவுக்கு இது மாங்காய் சீசனில் நடந்தது. சித்தூரைச் சுற்றியுள்ள கூழ் ஆலைகளுக்குத் தோத்தாபுரி வரத்து மொத்தமாக இறங்கும் நாட்களில் டிராக்டர்கள் சாலையோரம் நீள வரிசையில் நிற்கும். சரக்கை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் இடம் போகும், தாமதித்தால் காய் கனிந்து வீணாகும். சித்தப்பா இரண்டு ராத்திரி கண் மூடவில்லை. மூன்றாம் ராத்திரி டிரெய்லரில், பக்கப் பலகையின் மேல் வலது கையை வெளியே தொங்கவிட்டபடி உறங்கிப் போனார். விடியற்காலையில் என்னைக் கைப்பேசியில் கூப்பிட்டார்.

“கை என் பேச்சைக் கேக்கலடா. தொங்குது.”

“வலிக்குதா சித்தப்பா?”

“வலிச்சாத் தேவலையே. என் கை மாதிரியே இல்ல.”

நான் போய்ச் சேர்வதற்குள் பக்கத்து டிராக்டர்க்காரர்கள் மூன்று தீர்ப்பு சொல்லியிருந்தார்கள். பக்கவாதம், வாயுப் பிடிப்பு, சுளுக்கு. மூன்றும் இல்லை. மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை, விரல்களை நிமிர்த்த முடியவில்லை. ஆனால் முழங்கையை நீட்டினார், என் விரலைப் பிடித்து மடக்கினார். புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தொட்டால் தெரியவில்லை. ரேடியல் என்ற நரம்பு மேற்கை எலும்பின் பின்புறத்தைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கமாக இறங்குகிறது. அந்த வளைவில் அதற்கும் எலும்புக்கும் நடுவே மெத்தையே இல்லை. பலகையின் விளிம்பு சரியாக அங்கே இருந்திருக்கிறது.

ஆங்கில மருத்துவம் இதைச் ‘சனிக்கிழமை ராத்திரி வாதம்’ என்று அழைக்கிறது. வாரக் கூலி வாங்கிக் குடித்துவிட்டு, நாற்காலியின் முதுகில் கையைப் போட்டபடி விழுந்து கிடந்தவர்களால் வந்த பெயர் என்பார்கள். ஈயம் உடம்பில் ஏறினாலும் மணிக்கட்டு இப்படித்தான் தொங்கும், ஐரோப்பிய ரசவாதிகளுக்கு ஈயம் சனிக்கிரகத்தின் உலோகம், அந்தச் சனி திரிந்துதான் சனிக்கிழமை ஆனது என்று கருதுவோரும் உண்டு. எப்படியானாலும் சனிக்கிழமை நம் பக்கம் பெருமாளுக்கு விரதம் இருக்கும் நாள், அந்தப் பெயர் இங்கே ஒட்டாது. வரிசையில் காத்துக் கிடந்து வருவதால் நான் இதை வரிசை வாதம் என்றே எழுதுவேன்.

மற்ற நரம்புகளுக்கும் இப்படி ஒதுங்க இடமில்லாத முனைகள் உண்டு. முழங்கையின் உள்பக்கத்தில் இடித்தால் மின்சாரம் பாய்ந்தது போலிருக்குமே, அங்கே ஓடுவது சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் உரிய நரம்பு. கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துத் தூங்குகிறவர்களுக்கு அது சிக்கும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்தில் குமிழாகத் தெரியும் எலும்பைச் சுற்றுவது பாதத்தைத் தூக்கும் நரம்பு. பேருந்தில் கால்மேல் கால் போட்டபடி, அல்லது முன் இருக்கைக் கம்பியில் காலைச் சாய்த்தபடி தூங்கினால் இறங்கும்போது செருப்பு தரையைத் தேய்க்கும். நடு ராத்திரியில் இரண்டு கையும் மரத்து எழுந்து கையை உதறுகிற நடுவயதுப் பெண்களுக்கு, கர்ப்பிணிகளுக்கு, மணிக்கட்டுக் குகையில் நரம்பு நெருக்குண்டிருக்கலாம். படுத்த கோலத்தை மாற்றினால் மட்டும் அது தீராது, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒரு நிமிடத்தில் திரும்பும் மரப்பும் ஏழெட்டு வாரம் நீடிக்கும் வாதமும் ஒரே காரணத்தின் சிறிது பெரிதா என்று மருத்துவர்கள் நெடுநாள் விவாதித்தார்கள். 1944இல் டென்னி-பிரவுன், பிரென்னர் இருவரும் ரத்தம் எட்டாததுதான் காரணம் என்றார்கள். 1972இல் ஒச்சோவா, ஃபவுலர், கில்லியட் மூவரும் பபூன் குரங்குகளின் நரம்பை நுண்ணோக்கியில் பார்த்து வேறொன்றைக் கண்டார்கள். நரம்பு இழையைப் போர்த்தியிருக்கும் மையலின் உறை, அழுத்தப்பட்ட இடத்தின் விளிம்பில் இடம் பெயர்ந்து, மடக்குக் குடையின் கம்பி போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருந்தது. இழை அறுபடவில்லை, உறைதான் நெரிந்திருந்தது. உறை மறுபடி வளரும் வரை சேதி அந்த இடத்தைத் தாண்டாது. 1943இல் ஹெர்பர்ட் செடன் நரம்புக் காயங்களை மூன்று படியாக வகுத்ததில் இது முதல் படி, தானாக ஆறுவது. இரண்டாம் படியில் உள்ளிழையே அறுந்திருக்கும். அது நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் வளர்ந்து வர வேண்டும். மேற்கையிலிருந்து விரல் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து பார்த்தால் எத்தனை மாதம் என்று தெரிந்துவிடும்.

சித்தப்பாவுக்கு முதல் படி. மணிக்கட்டைத் தாங்கும் ஒரு சட்டத்தை மாட்டிக்கொண்டு ஏழு வாரம் இருந்தார். அந்த ஏழு வாரமும் அவர் இடது கையால் சோறு பிசைந்ததை நான் பார்த்தேன். இதைச் சின்ன விஷயம் என்பவர்களோடு எனக்குள்ள சண்டை அங்கிருந்து வந்தது.

மரத்த கையோடு விழிப்பவர் வீட்டில் உட்கார்ந்து யோசிக்கக் கூடாத இரண்டு நிலைமைகள் இருக்கின்றன. முகம் கோணியிருந்தால், பேச்சு குழறினால், அதே பக்கத்துக் காலும் துவண்டால் அது மூளைக்கு வந்த வாதம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு ஏறக்குறைய நாலரை மணி நேரம்தான் கெடு, தூக்கத்தில் வந்ததற்கு அந்தக் கெடு எப்போது தொடங்கியதென்றே தெரியாது. சில சமயம் மூளை வாதமும் கையை மட்டும் பிடித்து ஏமாற்றும். அதனால் சந்தேகம் இருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இன்னொன்று நம் ஊருக்கே உரியது. தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவர்களை ராத்திரியில் கட்டுவிரியன் கடிக்கும், தெலுங்கில் கட்ல பாமு. கடித்த வலியே பெரும்பாலும் இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாது. விடிகாலையில் வயிற்று வலி, பிறகு இமை தூக்க முடியாமை, விழுங்க முடியாமை, கடைசியில் மூச்சு. அழுந்திய கை மரத்தால் கைதான் மரக்கும். இமை சரிந்தால் அது விஷம், அங்கே நிமிடங்களுக்குக் கணக்கு உண்டு.

நம் பக்கத்தில் கை தொங்கினால் பலருடைய கால் தானாகப் புத்தூருக்குத்தான் திரும்பும். பழைய சித்தூர் மாவட்டத்துப் புத்தூரை அடுத்த சிற்றூரில் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் ‘புத்தூர் கட்டு’ என்ற பலகை இல்லாத ஊர் குறைவு. முறிந்த எலும்புக்கு அவர்கள் செய்வது பற்றி இங்கே நான் பேச வரவில்லை. ஆனால் வரிசை வாதத்தில் முறிந்தது எதுவும் இல்லை. ஏற்கெனவே நெரிந்த நரம்பின் மேல் மூங்கில் வைத்து இறுக்கினால் அழுத்தத்தின் மேல் அழுத்தம், அதுவும் உணர்வில்லாத கையில், இறுக்கம் தெரியாமல். இது நாட்டுக் கட்டின் குறை மட்டும் அல்ல. ஜெர்மனியின் ரிச்சர்ட் வோல்க்மன் 1881இலேயே இறுகிய கட்டுகளால் கை கொக்கி போலச் சுருங்கிப் போவதை எழுதினார். மாவுக்கட்டும் அதையே செய்யும். மரத்த கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். சுடுகிறது என்று சொல்ல அங்கே ஆளில்லை, தோல் வெந்த பிறகுதான் தெரியும்.

இதுவரை சொன்னது நரம்பு. நரம்போடு தசையும் நசுங்கும்போது கதை வேறாகிவிடுகிறது. கைகால்களில் தசைகள் நீட்ட முடியாத உறைகளுக்குள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. பல மணி நேரம் உடம்பின் முழு எடையும் ஒரு காலின் மேல் கிடந்தால் தசை ரத்தமின்றி வாடும். ஆளைத் தூக்கி நிமிர்த்தியதும் ரத்தம் பாயும், வாடிய தசை வீங்கும், உறை விடாது, உள்ளழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் மறுபடி நிற்கும். கால் பலகை போல இறுகி, விரலை லேசாக நீட்டினாலே உயிர் போகிற வலி வரும். நான்கு மணி நேரம் வரை தசை பெரும்பாலும் மீளும், எட்டு மணி நேரம் தாண்டினால் மீளாது. அறுவை மருத்துவர் உறையை நீளமாகக் கீறித் திறந்துவிடுவதுதான் வழி.

செத்த தசை சும்மா இருப்பதில்லை. அதிலிருந்து பொட்டாசியம் கசிந்து இதயத்தை நிறுத்தும், மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் கசிந்து சிறுநீரகத்தை அடைக்கும். 1941இல், ஜெர்மன் விமானங்கள் லண்டன் மேல் குண்டு போட்ட நாட்களில், எரிக் பைவாட்டர்ஸும் டெஸ்மண்ட் பீலும் நான்கு பேரைப் பற்றி எழுதினார்கள். இடிந்த வீட்டுக்கடியில் கைகால் நசுங்கிப் பல மணி நேரம் கிடந்தவர்கள் அவர்கள். வெளியே எடுத்தபோது நன்றாகத்தான் இருந்தார்கள். பிறகு உறுப்பு வீங்கி, சிறுநீர் கறுத்து, குறைந்து, நின்று, ஒரு வாரத்தில் இறந்தார்கள். இதே நிலையைச் செய்கோ மினாமி என்ற ஜப்பானியர் 1923இலேயே பெர்லினிலிருந்து எழுதியிருந்தார், ஆனால் அது மறக்கப்பட்டிருந்தது. இடிந்த சுவர் செய்ததைத் தன் சொந்த எடையே செய்யும் என்பது பிறகு தெரிந்தது. மயங்கியவர் அசையாமல் கிடந்தால் போதும்.

இன்று அப்படிக் கிடப்பவர்கள் யார்? குடித்துவிட்டுக் கயிற்றுக்கட்டிலின் சட்டத்தில் தொடையை அழுத்திக் கிடப்பவர் ஒருவர். ராத்திரி குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் விடியும்வரை சிமென்ட் தரையில் ஒரு பக்கமாகக் கிடக்கும் தனிவாழ் முதியவர் இன்னொருவர். சித்தூரிலும் திருப்பதியிலும் பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் அதற்கப்பாலும் போய்விட்ட வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பால்காரர் கதவைத் தட்டிப் பார்த்துத்தான் தெரியவரும். எலும்பு முறியவில்லை, நல்லவேளை என்று பிள்ளைகள் தொலைபேசியில் மூச்சு விடுவார்கள். சிறுநீர் காபி டிகாக்ஷன் நிறத்தில் போகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. திருப்பதியில் ருயா ஆஸ்பத்திரிக்கோ ஸ்விம்ஸுக்கோ கொண்டு போகிறவர்கள் முதலில் சொல்ல வேண்டியது, ஆள் எத்தனை மணி நேரம் அப்படியே கிடந்தார் என்பதைத்தான். அதைச் சொன்னால் மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்ப்பார், ரத்தக் குழாய் வழியாக நீர் ஏற்றிச் சிறுநீரகத்தைக் கழுவிக் காக்கப் பார்ப்பார். சொல்லாவிட்டால் வழுக்கி விழுந்தார், வலி மாத்திரை கொடுங்கள் என்று முடிந்துவிடலாம், அந்த வலி மாத்திரையே சிறுநீரகத்துக்கு இன்னோர் அடி.

புரளாமையைப் பற்றி உலகுக்குச் சொன்ன ஊர் ஒன்று சித்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் உதிர்வதில்லை, வலி தெரியாததால் வரும் காயங்களால் தேய்ந்து போகின்றன என்று காட்டியவர் அவர். உணர்வுள்ளவர் உட்காரும்போதும் நடக்கும்போதும் தூங்கும்போதும் ஓயாமல் எடையை மாற்றிக்கொண்டே இருக்கிறார், உணர்வில்லாதவர் மாற்றுவதில்லை. தொழுநோய் விரும்பித் தங்கும் இடங்களும் முழங்கை, முழங்கால் குமிழ் என்று அதே மேலோட்டமான நரம்பு முனைகள்தான். அதனால் அடிக்கடி மரக்கும் கைக்குச் சர்க்கரையைப் பார்ப்பது போல, தோலில் உணர்வற்ற தேமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வேலூரில் பிராண்டின் மாணவியாக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியிலிருந்தபடியே அறுவை செய்தார், பிறகு மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டியெழுப்பினார். தண்டு அடிபட்டவர்களை இரவும் பகலும் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் போட வேண்டும் என்பது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தில் லுட்விக் குட்மன் நிலைநாட்டிய முறை. தூங்குகிற உடம்பு தானே செய்துகொண்டிருந்த வேலையை அங்கே இன்னொரு ஜோடிக் கைகள் செய்கின்றன. ராத்திரி இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்து புரட்டும் அந்த மனைவிமார், தாய்மார், வார்டு உதவியாளர்களைவிடப் பெரிய மருத்துவர் இந்த நோய்க்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

கை சரியானதும் சித்தப்பா சுருட்டப்பள்ளிக்குப் போக வேண்டும் என்றார். ஊத்துக்கோட்டையைத் தாண்டியதும் வரும் ஆந்திர எல்லைக் கிராமம். சிவன் பெரும்பாலும் லிங்கமாக இருக்க, அங்கே பள்ளிகொண்டிருக்கிறார். ஆலகாலம் உண்ட மயக்கத்தில் கிடக்கிறார், தலை பார்வதியின் மடியில் இருக்கிறது. விஷம் உண்டு அசையாமல் கிடப்பவரை ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் கோலம். சித்தப்பா நெடுநேரம் நின்று பார்த்தார். வலது கையைத் தூக்கிக் கும்பிட்டார், மணிக்கட்டு நின்றது.

திரும்பும்போது பேருந்தில் கூட்டம். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாகலாபுரம் வருவதற்குள் தூங்கிவிட்டார். கை தானாக ஜன்னல் கம்பியின் மேல் ஏறி வெளியே தொங்கியது. சித்தி என்னோடு பேசிக்கொண்டே, பேச்சை நிறுத்தாமல், அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.